இழுத்து இழுத்து நீண்ட கை

மார்ச் 3
இன்றைக்கு நான் வேலை பார்க்கும் தையல் கடைக்கு ஒரு டிசைனர் அம்மா வந்தார். உடம்போ மனசோ முடியாதவர்களோடு கூடப்பிறந்தவர்கள், தாங்கள் வளர்ந்த கதையை ஒரு பொருளாகச் செய்து மண்டபத்தில் கண்காட்சிக்கு வைக்கவேண்டுமாம். "எழுத வேண்டாம், செஞ்சு காட்டுங்க" என்றார். எழுத வேண்டாம் என்றதுமே தலையாட்டிவிட்டேன். இந்த நோட்டுக்கே எனக்கு நாக்குத் தள்ளுது.

மார்ச் 5
கிடைச்சிருச்சு! தம்பிக்குப் பேச்சு வராது. வெளியே போனால் என் கையைப் பிடிக்க மாட்டான், சட்டையின் இடது கையைத்தான் பிடிப்பான். என் சட்டை எல்லாமே ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். பள்ளிக்கூடத்தில் 'தொங்கல்' என்பார்கள் — நான் படிக்கப் போனதே இரண்டு வருஷம், அதற்குள் பட்டப்பெயர். எங்கே விட்டேன்? ஆங், சட்டை. இடது கை மட்டும் ஒரு முழம் நீளமாக, நுனியில் அவன் பிடித்த கசங்கலோடு ஒரு சட்டை தைக்கப்போகிறேன்.

மார்ச் 9
அம்மாவிடம் சொன்னேன். "என் புள்ள உனக்குப் பாரம்னு ஊருக்கே காட்டப் போறியாடி?" சாப்பிடாமல் எழுந்து போய்விட்டாள்.
பாரமா? ஒரு வருஷம் வெளியூர் வேலைக்குப் போனேனே, அப்போ தோள் வெறிச்சுன்னு இருந்துச்சே, அதை யார்கிட்டச் சொல்றது? அந்த வருஷம் அவன் வாசல் திரையின் ஓரத்தைப் பிடித்துப் பிடித்தே கிழித்தானாம்.
அம்மா வரமாட்டாள். அவள் பார்க்காவிட்டால் எதற்குத் தைக்கிறேன்?

மார்ச் 16
போச்சு. சட்டையை மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். கட்டிங் மாஸ்டர் இரண்டு கையையும் அளந்து, இடதை வெட்டிச் சரிபண்ணி, மடித்தே வைத்துவிட்டார். "இத்தனை வருஷமா தைக்கிற, ஒரு கை நீளமா இருக்கறது தெரியலையா?" என்று எனக்கே அர்ச்சனை வேறு.
நாளைக்குக் கண்காட்சி. துண்டைக் குப்பையிலிருந்து எடுத்துச் சிவப்பு நூலால் ஒட்டுப் போட்டேன். மறைக்கவில்லை.

மார்ச் 17
மண்டபம் நிறையக் கூட்டம். தம்பி நேராகப் போய் நுனியைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மாஸ்டர் தள்ளி நின்று கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.
அம்மா வந்தாள்! ஒட்டுத் தையலை விரலால் தடவினாள். "இது நீ வெளியூர் போன வருஷமா?"
நான் அப்படி நினைத்துத் தைக்கவே இல்லை. ஆமாம் என்றேன்.

மார்ச் 18
காலையில் அம்மா கடைக்கு வந்தாள். கையில் அந்தத் திரையின் கிழிந்த ஓரம். இத்தனை நாளும் பெட்டிக்குள் வைத்திருந்தாளாம்.
"இதையும் அதோட சேத்துத் தைக்க முடியுமா?"
சிவப்பு நூல் இன்னும் பாதிக் கண்டு இருக்கிறது.