ஏழாம் அத்தியாயத்தின் விலை

என் நீதிபதி அம்மாளுக்கு,

உன் நினைவுக் குறிப்புகளைப் பதிப்பகத்தார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாட்டுப் பண்ணைக் கழிவை ஆற்றில் விடக்கூடாது என்று தீர்ப்பளித்தாயே, அதைச் சொல்லும் ஏழாம் அத்தியாயத்தை எடுத்தால்தான் போடுவார்களாம். நீ சம்மதித்துவிடாதே. நெப்ராஸ்கா மாநில உச்ச நீதிமன்றத்தில் நீ நீதிபதியாகத் தொடரலாமா என்ற வாக்கெடுப்பில் ஊரே ‘வேண்டாம்’ என்றது அந்தத் தீர்ப்புக்காகத்தான். அதை வெட்டினால் மிச்சம் என்ன இருக்கிறது?

இன்று காப்பிக் கடையில் பண்ணைக்கார வெர்லின் எல்லோர் முன்னாலும் சிரித்தான்: “போட்டிக்கு ஆளே இல்லாத தேர்தல்ல தோத்தது உன் பொண்டாட்டி மட்டும்தான்டா!”

நான் விடவில்லை: “ஆமாடா. அவளைத் தோக்கடிச்ச அந்தத் தீர்ப்பாலதான் ஆத்துத் தண்ணியில போட்ட உன் காப்பியில சாணி நாத்தம் இல்ல. குடி!”

எழுந்து போய்விட்டான். இனி என்னிடம் டிராக்டர் வாங்கமாட்டான். வியாபாரம் எப்படி என்று மட்டும் கேட்காதே.

மகள் வீட்டில் முடங்கியது போதும், புறப்பட்டு வா. நம்மூர் அச்சகத்து லோரனிடம் பேரம் முடித்துவிட்டேன். ஐந்நூறு பிரதி, ஒரு வரிகூட வெட்டக்கூடாது. விலை, யார் கேட்டும் நான் கொடுக்காத என் முதல் டிராக்டர்.

உன் வியாபாரி