மாதிரிக் கட்டுரையில் ஓர் அப்பா

வல்வெட்டித்துறை
10.7.1974

அன்புள்ள மலரின் அப்பாவுக்கு,

நாங்கள் நல்ல சுகம். கப்பலில் நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

புலமைப்பரிசில் சோதனைக்கென்று வாத்தியார் ‘என் தந்தை’ என்றொரு மாதிரிக் கட்டுரையை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடமாக்கக் கொடுத்தார். அதில் வரும் தந்தை கமக்காரர். காலையில் வயலுக்குப் போய்ப் பொழுதுபட்டதும் வீட்டுக்கு வந்துவிடுவார். மலர் அதை விட்டுவிட்டு, ‘என் தந்தை கப்பலில் இருக்கிறார். அவருடைய குரல் எனக்கு மறந்துபோயிற்று’ என்று எழுதியிருக்கிறாள். பத்துக்கு இரண்டு புள்ளி.

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

“உண்மையைத்தானே எழுதினவள், வாத்தியார்?”

“ஓம் தங்கச்சி. ஆனால் சோதனை திருத்திறவை எல்லாரிட்டையும் ஒரே மறுமொழியைத்தான் பாப்பினம்.”

“அப்ப என்ரை பிள்ளைக்கு உந்த மாதிரிக் கட்டுரை அப்பா வேண்டாம்” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளுடைய கட்டுரையை இத்துடன் வைத்திருக்கிறேன். புள்ளியை நீங்களே நேரில் வந்து போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளையின் அம்மா