கம்பெனி பஸ்ஸில் பார்த்த ஜப்பான் படங்கள்

அடியே, இன்று காலை கம்பெனி பஸ்ஸில் போனைத் திறந்தேன். நாம் பாதியில் நிறுத்திய படத்தின் மீதியைப் பார்க்கிறாயா என்று அதுவாகவே கேட்டது. தங்கையைக் கொன்றவர்களைத் தேடிவந்த ஜப்பான்காரி, மழையில் கத்தியோடு நின்றுகொண்டிருந்தாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

உத்திரமேரூரில் ஏறினால் கம்பெனிக்குப் போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம். முதலாளி ஜப்பான்காரன் என்பதால், "அவன் பாஷைய தெரிஞ்சிக்கலாம்டி" என்று விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாய். ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. ஒரு படம் முடிய இரண்டு நாள் ஆகும். காதல் படமென்றால் உனக்கு வேப்பங்காய். பெண்ணொருத்தி பழிவாங்கப் புறப்பட வேண்டும், தடியன்கள் வரிசையாகச் சாய வேண்டும். ஒவ்வொருவனும் விழும்போது "வோணும்டா உனுக்கு!" என்று நீ கத்துவாய். டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "இன்னாம்மா, இன்னிக்கு எவன் செத்தான்?" என்பார். பஸ்ஸே சிரிக்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு, வேகிற வெயிலிலும் முழுக்கைச் சுடிதார் போட ஆரம்பித்தாய். கேட்டதற்கு, "மெஷின்ல இட்சிக்கினேன்டி" என்றாய். நானும் அதே மெஷினில்தான் நிற்கிறேன்; அது யாரையும் அப்படி இடிப்பதில்லை. தெரிந்தும் விட்டுவிட்டேன்.

"இவளுக்கு ஆளே இல்லியா? ஏன் தனியா போறா?" என்று ஒருநாள் படத்தைப் பார்த்துக் கேட்டேன். "கூட வரேன்னு யாரும் சொல்லல, அதான்" என்றாய், திரையிலிருந்து கண்ணெடுக்காமல். நான் முறுக்குத் தின்றுகொண்டிருந்தேன்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை உன் குரல் செய்தி வந்தது. "சாவடிச்சிடுவேன்னு சொல்லிக்கினு கீறான்டி. அவங்கம்மா கதவ வெளிய பூட்டிட்டாங்க. எனக்கு எதுனா ஆச்சின்னா நீ சொல்லுடி." துணி துவைத்துவிட்டு வந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் கேட்டேன். கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. சாயங்காலம் உன் மாமியார் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். வயிற்றுவலி தாங்காமல் போய்விட்டாளாம். வந்தவர்களுக்கெல்லாம் அதே பதில்.

கல்யாணமாகி ஏழு வருஷம் ஆகாததால் ஆர்.டி.ஓ. விசாரணை வைத்தார்கள். உன் சிநேகிதி என்று என்னையும் கூப்பிட்டார்கள். அந்தச் செய்தி இருப்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆனாலும் முந்தின நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அவ புருசன் என் பங்காளி. எதுனா வாய தொறந்தினா, புள்ளைய இங்க வுட்டுட்டு அப்டியே போயிடு. இந்த வூட்டுக்கு வராத."

விசாரித்த அதிகாரி அம்மா மெதுவாகத்தான் கேட்டார்: "பயப்படாதீங்க. அந்தப் பொண்ணு உங்ககிட்ட ஏதாவது சொல்லிச்சா?" போன் என் கைப்பையில் இருந்தது. எடுத்து மேசைமேல் வைத்தால் போதும். பிள்ளையின் முகம் கண்முன் வந்தது. "எங்கிட்ட ஒண்ணும் சொல்லல மேடம்" என்றேன். கையெழுத்தும் போட்டேன். என்னை மன்னிக்காதே.

வெளியே உன் அம்மா காத்திருந்தார். உள்ளே நான் என்ன சொன்னேன் என்று அவருக்குத் தெரியாது. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீ ஒருத்தியாவது வந்தியே கண்ணு" என்று அழுதார்.

உன் குரலை இன்னும் அழிக்கவில்லை. கொடுக்கவும் துணிவில்லை. அதைச் சுமந்துகொண்டு, தினமும் உன் அம்மா வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறேன். என்னைக் கண்டதும் அவர் எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிடுகிறார்.