தேர்ச்சி நூறு சதவீதம்

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்து

அன்புள்ள அத்தானுக்கு,

சாலோமி எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையில் நானும் எபியும் மாமாவும் சுகம். மஸ்கட்டில் உங்கள் சளி இப்போது எப்படி இருக்கிறது? போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் உங்கள் குரலும் உயரும், என் குரலும் உயரும், மாமா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பார்கள். அதனால்தான் கடிதம். முழுவதும் வாசித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

போன வாரம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். ஜூனில் தலைமையாசிரியை ஆன பிறகு நான் நடத்திய முதல் கூட்டம். என்ன சொல்லவேண்டும் என்று தாளாளர் ஐயா எழுதியே தந்திருந்தார். தேர்ச்சி நூறு சதவீதமாம். தொடக்கப்பள்ளியில் யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்று இருக்கும்போது நூறு வராமல் வேறு என்ன வரும்? வாசித்தேன். பீடி சுற்றுவதை நிறுத்திவிட்டு வந்த அம்மாக்களும், வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்தவர்களும் கைதட்டினார்கள். எனக்கு உடம்பு கூசிவிட்டது.

தாளை மடித்து வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். நாலாம் வகுப்பில் பாதிப் பிள்ளைகளுக்கு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகம் வாசிக்க வரவில்லை என்றேன். ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர், அதிலும் ஒருத்தி எப்போதும் அரசாங்கம் கேட்கும் விவரங்களைப் போனில் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன்.

பிறகு நாலாம் வகுப்பு முத்துஇசக்கியின் அம்மா அன்னத்தாய் எழுந்தாள். “நேத்து வரைக்கும் நல்லாப் படிக்கா, நல்லாப் படிக்கான்னுதான சொன்னிய? இப்பம் வாசிக்கத் தெரியலங்கிய. எது டீச்சர் பொய்?” என்றாள். நான் ஜூனில்தான் பொறுப்புக்கு வந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் விடவில்லை. “ஒங்க மவன் எபி எங்கன படிக்கான்? தெனமும் மஞ்ச வேன்ல இந்தக் கேட்டத் தாண்டித்தான போறான்?” என்றாள்.

அத்தான், முப்பது பேர் என் முகத்தையே பார்த்தார்கள். தேநீர் கொண்டுவரச் சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே தாளாளர் ஐயா போனில் கத்தினார். “ஒங்கள யாரும்மா இதெல்லாம் சொல்லச் சொன்னது? பிள்ளைய கொறஞ்சா ஒரு டீச்சர் போஸ்ட்டு போயிரும்லா?” என்றார். அவர் பயந்தபடியே இரண்டு பேர் டிசி வாங்கிப் போய்விட்டார்கள். எபியின் பள்ளிக்கூடத்துக்குத்தான். பொய்யை வாசித்தபோது கைதட்டல், உண்மையைச் சொன்னதற்கு டிசி. யாரிடம் போய் முட்டிக்கொள்ள?

அன்னத்தாய் டிசி கேட்கவில்லை. திங்கட்கிழமை பள்ளி விட்ட பிறகு, பீடி இலையும் தூளும் பரப்பிய சொளகோடு வந்து வகுப்பு வாசலில் உட்கார்ந்தாள். “இவ ஒரு பக்கம் முழுசா வாசிக்காம நான் இங்கனருந்து எந்திரிக்க மாட்டேன்” என்றாள். அன்றைக்கு இரண்டு வரிதான் வாசித்தது பிள்ளை. இருட்டியதும் நான்தான் இருவரையும் எழுப்பி அனுப்பினேன். மறுநாளும் வந்தாள். இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறாள். இப்போது வேறு மூன்று பிள்ளைகளும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

எபியை அந்தத் தனியார் பள்ளியில் சேர்த்தது உங்கள் ஆசை. ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்தால் கெட்டுவிடுவான் என்றீர்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத்தான் நான் டீச்சர். கிறிஸ்மஸ் லீவு முடிந்ததும் எபியை என் பள்ளிக்கே கூட்டிப் போக நினைக்கிறேன். அவனிடம் கேட்டேன். விளையாட இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டான். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க என்னால் முடியாது என்றால், மற்றப் பிள்ளைகளுக்கு மட்டும் எப்படி முடியும்?

டிசி வாங்கத் தாயார் கையெழுத்தே போதும் என்று அவன் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் உங்களைக் கேட்காமல் போடமாட்டேன். சரி என்றால் சரி என்று எழுதுங்கள். வேண்டாம் என்றால், தினமும் என் வகுப்பு வாசலைத் தாண்டி உள்ளே போகும்போது அன்னத்தாயிடம் நான் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள்.

வெயிலில் அலையாதீர்கள். கர்த்தர் உங்களைப் பத்திரமாக வைத்திருப்பாராக. நம்மையும் ஒரே மனதாக வைத்திருப்பாராக.

உங்கள்
சாலோமி