எடைக்கு அடியில் அடுக்கிய கல்

வேங்கிக்கால்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள கவியாவுக்கு,

பூனாவில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே நிற்பாள், அதனால்தான் கடிதம். உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் வளவன் மாமாவுக்கு வலது கை போய்விட்டது. லேசான காயம் என்று அம்மா உன்னிடம் சொன்னது பொய். முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ரயிலுக்கு மேலே போகிற மின்கம்பி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். தொய்யாமல் இருக்க அதன் முனையில் கப்பி போட்டு இரும்பு எடைகளைத் தொங்கவிட்டிருப்போம், கம்பி நீண்டால் எடை இறங்கும். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று காலையிலும் மதியத்திலும் அளந்து, கம்பி எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் எனக்கும் அவனுக்கும் வேலை. கிரிவலத்துக்கு வருகிற ஜனங்கள் ஸ்டேஷனிலிருந்து லைன் ஓரமாகவே குறுக்கு வழியில் நடக்கிறார்கள். சொந்த வீடு வேண்டும் என்று மலைப் பாதையில் கல் அடுக்குவார்களே, அதை இந்த எடைக்கு அடியிலும் ஆரம்பித்துவிட்டார்கள், யாரோ கம்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வேறு வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு பௌர்ணமி முடிந்ததும் நாங்கள் போய்த் தட்டிவிடுவோம். இந்த ஜனங்க கட்ற வேகத்துக்கு வேங்கிக்கால்ல மனை வெலை எறங்கிடும் மாமான்னு வளவன் சிரிப்பான். சித்திரா பௌர்ணமிக்கு மறுநாள் மதியம் போனபோது எடை மொத்தமும் கல் மேல் உட்கார்ந்திருந்தது, கம்பி தொய்ந்து கிடந்தது. எடையைச் சங்கிலியில் தூக்கிக் கட்டிய பிறகுதான் கல்லில் கை வைக்க வேண்டும். நான் சங்கிலி எடுக்க வண்டிக்குப் போனேன். ஸ்பெஷல் ரயில் வர்ற நேரம் மாமா, ரெண்டு கல்லுதானேன்னு சொல்லிக்கொண்டே உருவிவிட்டான். எடை ஒரேயடியாக இறங்கியது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

பௌர்ணமி அன்று உன் அம்மாவும் அங்கே கல் அடுக்கியிருக்கிறாள். அது எங்கள் எடை என்று அவளுக்குத் தெரியாது, கும்பல் நின்ற இடத்தில் அவளும் நின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடம் சொன்னாள். எத்தனையோ பேர் அடுக்கினார்கள், பாரம் எந்தக் கல்லில் இருந்தது என்று யாராலும் கணக்குப் போட முடியாது, பேசாமல் இரு என்றேன். அவன் எந்தம்பிங்க, நான் சொல்லாம வேற யாரு சொல்றதுன்னு நேராக உள்ளே போய் அவனிடம் சொல்லிவிட்டாள். எத்தினி கல்லுக்கா வெச்சன்னு கேட்டான். மூணுன்னு சொன்னாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இப்போது நம் வீட்டில்தான் இருக்கிறான், வேறு எங்கே போவான். நான் ஊட்டினால் சாப்பிடுகிறான். அம்மா தட்டை எடுத்து வந்தால் பசி இல்லை என்கிறான். அவளும் சோற்றைப் பிசைந்து என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். கம்பத்தைச் சுற்றி வலை அடித்தோம், ஜனங்கள் வலைக்கு வெளியே அடுக்குகிறார்கள். அது எப்படியோ போகட்டும். நீ மாமாவுக்குப் போன் போட்டு அம்மாவை மன்னிக்கச் சொல்லாதே. நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். அவனுக்கு இருபத்தாறு வயது, அவன் கோபம் அவனுக்கு இருக்கட்டும். அம்மாவிடம் தினமும் பேசு. உன் தப்பு இல்லை என்று மட்டும் சொல்லாதே, அதைக் கேட்டாலே எழுந்து போய்விடுகிறாள். நீ ரோட்டில் போகும்போது காதில் பாட்டு மாட்டிக்கொள்ளாதே.

அண்ணாமலையார் உனக்கு ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனி மாதம் லீவு கிடைத்தால் வா. வரும்போது மாமாவுக்குப் பொத்தான் இல்லாமல் தலைவழியாகப் போடுகிற சட்டை இரண்டு வாங்கி வா, மறந்துவிடாதே. அம்மா வாங்கிவரச் சொன்னதாக அவனிடம் சொல்லாதே, போட மாட்டான்.

உன் அப்பா,
விமல்ராஜ்