அடியில் வைத்த தாள்கள்

அக்கா,

இன்று உன் இழுப்பறை ஒரு கையாலேயே திறந்துகொண்டது. அதைத்தான் முதலில் கவனித்தேன். மற்றவர்களுடையதை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டும். பழைய அட்டைகள் அப்படி அடைந்து கிடக்கும். மழைக்காலத்தில் மஞ்சள் காமாலையில் நீ போனபின் யாரும் உன் இழுப்பறையைத் தொடவில்லை. இப்போது இடம் போதவில்லையாம். காலி செய்யச் சொன்னார் மேனேஜர்.

எட்டாவதோடு நின்று, டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, எண்ணூர் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு வந்தவள் நான். உன்னைப் போன்ற ப்ரோக்ராமர்கள் தாளில் எழுதித் தருவதை அட்டையில் ஓட்டைகளாகக் குத்துவது எங்கள் வேலை. ராயபுரத்தில் நாம் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். முதல் வாரம் உன்னை மேடம் என்றேன். “மேடமாவது மண்ணாங்கட்டியாவது, அக்கான்னு கூப்டுமே” என்றாய். அதன் பிறகும் நான் அதிகம் பேசவில்லை. திருவொற்றியூர் தாண்டும்வரை நீதான் பேசுவாய்.

ஆபீஸில் எல்லோரும் ப்ரோக்ராம் எழுதியது கோபால் என்ற கம்ப்யூட்டர் மொழியில். கோபோல் என்பதுதான் சரி என்று நீ திருத்துவாய், யாரும் கேட்கமாட்டார்கள். நீ மட்டும் அல்கோல் என்ற வேறு மொழியில் எழுதினாய். ஒரு வருடம் மேனேஜரிடம் கேட்டுக் கேட்டு ஒரு சம்மதம் வாங்கினாய். உதிரிபாகக் கையிருப்புப் பட்டியலை இரண்டு மொழியிலும் எழுதுவது, மாதக் கடைசிக்குள் எது பிழையில்லாமல் அச்சாகிறதோ அதை வைத்துக்கொள்வது. கோபாலில் ஒரு பக்கம் பிடிப்பதை நீ கால் பக்கத்தில் முடித்தாய். எனக்கு இரண்டு மொழியும் தெரியாது. ஆனாலும் எது எதற்குள் அடங்குகிறது என்று உன் தாளைப் பார்த்தாலே தெரிந்தது.

எதிர் மேசை சண்முகம் சார் கோபாலில் புதிதாக எழுதியது கொஞ்சம்தான். நாலு பேர் இழுப்பறையிலிருந்து பழைய அட்டைகளை எடுத்து நடுவே செருகிக்கொண்டார். எங்காவது நின்றுபோனால் “யோவ், இது ஏன்யா ஓட மாட்டேங்குது?” என்று கத்துவார். நாலு மேசையிலிருந்தும் பதில் வரும். நீ யாரைக் கேட்பாய்?

எங்கள் கைகளும் கோபாலுக்குப் பழகியிருந்தன. உன் தாளில் வரிக்கு வரி ஓர் அரைப்புள்ளி. எங்கள் இயந்திரத்தில் அதற்கு விசை கிடையாது. அட்டையை நகரவிடாமல் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் மூன்று ஓட்டை குத்த வேண்டும்.

“வந்துட்சு பாரு அல்கோலு” என்பாள் பக்கத்து இயந்திரத்து ஸ்டெல்லா. “கோபாலுன்னா கை தானா ஓடுது. இது இன்னாமே, ஒரு புள்ளிக்கு மூணு தபா? கட்டுக்கு அடியில சொருவு, அப்பால பாத்துக்கலாம்.”

சுவரில் பலகை இருந்தது. யார் எத்தனை அட்டை குத்தினோம் என்று தினமும் அதில் எழுதுவார்கள். கடைசியில் இருப்பவளை எந்த மாதமும் நிறுத்தலாம். என் பெயர் கடைசிக்கு முந்தியது. அடியில் செருகினேன், அக்கா. மறுநாளும் செருகினேன். சாயங்காலம் அவசரமாக எடுத்துக் குத்தும்போது ஒரு புள்ளி விட்டுப்போகும், ப்ரோக்ராம் ஓடாது. கம்ப்யூட்டர் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் உனக்குக் கிடைக்கும். ஒரு புள்ளிக்கு ஒரு நாள் போனது.

“இன்னிக்கும் பூட்ச்சு கண்ணு” என்று பஸ்ஸில் சிரித்தாய். “என் எழுத்துதான் கலீஜா கீது போல. உங்களுக்கும் பேஜாரு.”

மறுநாள் உன் தாளில் ஒவ்வொரு அரைப்புள்ளியையும் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தாய். எத்தனை வட்டங்கள்! அன்றும் அதை அடியில்தான் செருகினேன்.

மாதக் கடைசியில் சண்முகம் சாருடையது அச்சாயிற்று. உன்னுடையது இரண்டு நாள் கழித்து வந்தது, ஒரு வரி பிசகவில்லை. யாரும் எழுந்து வந்து பார்க்கவில்லை. அடுத்த வாரம் நீயும் கோபாலில் எழுதத் தொடங்கினாய். உன் தாள்கள் கட்டின் மேலே வந்துவிட்டன. பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாய். நான் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன், அப்படி நினைப்பது எளிதாக இருந்தது.

இன்று உன் இழுப்பறையில் ஒரே ஒரு அட்டைக் கட்டுதான். அதை என்ன செய்வது என்று மேனேஜரிடம் கேட்டேன்.

“அந்த அல்கோலா? நல்ல பொண்ணு, பாவம். ஆனா அது ஓடாத ப்ரோக்ராம்மா. தூக்கிப் போட்டுடு.”

வாசல்வரை போய்விட்டேன். பிறகு திரும்பி வந்தேன்.

“ஓடுச்சு சார். லேட்டானதுக்கு அக்கா காரணமில்ல. அந்தத் தாளையெல்லாம் நான்தான் அடியில வெச்சேன்.”

அவர் பேனாவைக் கீழே வைத்தார். “எந்தத் தாளு?”

முதலிலிருந்து சொன்னேன்.