தேசிமரத்துப் புழுவும் பலகையில் இல்லாத பெயரும்

மே 4, ஞாயிறு
காலையிலிருந்து வானம் மப்பு. வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும்.
நானும் என் மனைவி மலரும் படிப்பித்த பாடசாலையில் வண்ணத்துப்பூச்சிப் பலகை திறந்திருக்கிறார்கள். முட்டை, புழு, கூட்டுப்புழு, பூச்சி. நாலு படமும் மலர் எடுத்தவை, எங்கள் வீட்டுத் தேசிமரத்தில், எலுமிச்சை இலையில். அவள் இறந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. பலகையின் அடியில்: 'படங்கள்: உப அதிபர்'. மேலே பூச்சியின் பெயர்: 'கொமன் ரோஸ்'. அதுவும் பிழை. ரோஸுக்கு உடம்பே சிவப்பு. படத்தில் உள்ளதற்குச் சிறகில் மட்டும்தான் சிவப்பு, உடம்பு கறுப்பு. கொமன் மோர்மன், பெண். ரோஸ் நஞ்சு, பறவை தொடாது; அதனால் இதற்கு ரோஸ் மாதிரி வேஷம். ரோஸ் தேசி இலையில் முட்டையே இடாது.

மே 5, திங்கள்
அதிபரிடம் சொன்னேன்.
"விடுங்க சேர், பிள்ளைங்களுக்கு நாலு கட்டம் தெரிஞ்சா போதாதா? அதிபர் கதிரை கிடைக்கல்லன்னு இன்னும் எத்தன வருஷம் குத்தம் தேடுவீங்க?"
பக்கத்தில் உப அதிபர். சிரிப்பு. மறக்கமாட்டேன்.
மாலை, தேசிமரத்தில் ஒரு புழு. பார்க்கப் பறவை எச்சம் மாதிரி. இதை வளர்த்து, வரும் பூச்சியையே அதிபரின் மேசையில் வைப்பேன். பேச்சே வேண்டாம்.
வாங்க: சவர்க்காரம், மா, டோர்ச் பேட்டரி.

மே 10, சனி
இரத்தோட்டைப் பக்கம் இடி. புழு பச்சையாகிவிட்டது. தொட்டால் தலையில் சிவப்புக் கொம்பு, ஒரு நாற்றம்.
பக்கத்து வீட்டு பரீனா, மதிலுக்கு மேலால்: "மருந்து அடிங்க சேர், மரத்தையே தின்னு முடிச்சிடும்!" பிறகு மெதுவாக: "மலர் டீச்சரும் அடிக்க விடமாட்டாங்க. 'அதுக்குப் பசிக்காதா பரீனா'ன்னு என்னையத்தான் ஏசுவாங்க."
உள்ளே வந்துவிட்டேன்.

மே 13, செவ்வாய்
வெசாக் விடுமுறை. தெருவில் இலவசச் சாப்பாட்டுத் தன்சல், கூட்டம். போகவில்லை. புழு கூடாகிவிட்டது. இடுப்பில் ஒரு நூல், சாய்ந்த தொங்கல்.

மே 23, வெள்ளி
கூட்டில் ஊசித் துளை. வெளியே சின்னச் சின்னக் குளவிகள். பூச்சி இல்லை. கூடு இளசாக இருந்தபோதே குளவி முட்டை இட்டிருக்கிறது. மலருக்கும் இப்படி எத்தனையோ போயின. அவள் அடுத்த இலையைப் புரட்டிப் பார்ப்பாள். நான் படியில் உட்கார்ந்து அழுதேன்.

மே 25, ஞாயிறு
காட்ட ஒன்றுமில்லை. எழுத்துதான் மிச்சம். கல்விப் பணிப்பாளருக்கு ஒரு பக்கம்: உடம்பின் நிறம், தேசி இலை, படம் எடுத்தது யார். அடியில் என் பெயரைக் கண்டால் "இந்த மனுசனா, திரும்பவுமா" என்று மடித்துப் போடுவார்கள். அத்தனை முறைப்பாடு, அத்தனை பெட்டிசம் எழுதியிருக்கிறேன். அவளுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டிய நேரத்தில் என் பெயருக்கு மதிப்பில்லை.
அவள் பெயரை முழுதாக எழுதினேன். என்னுடையதை எழுதவில்லை. மொட்டைக் கடிதமாகவே போகட்டும். நாளை தபாலில் போடுகிறேன்.